மூன்று எலிகளின் ஈரல்

நான் செய்த தவறு, தமிழில் சொன்னால், நான்கே சொல். "ஊசி சரியாக ஏறவில்லை. நீக்கப்பட்டது." ஆய்வகத்தின் பதிவேட்டில் என் கையெழுத்தில் அது இன்னும் இருக்கிறது. கிழிக்கவோ அடிக்கவோ கூடாது என்பது எங்கள் விதி. அந்த விதியை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

திருச்சியில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். கூடவே ஓர் ஆய்வு. உடம்புக்குள் புற்றுக்கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது என்று படம் எடுக்கும்போது, கட்டி துலக்கமாகத் தெரிவதற்காக நரம்பில் ஒரு மருந்து ஏற்றுவார்கள். ஆஸ்பத்திரியில் அதை 'டை' என்பார்கள். அதற்குப் பதிலாகத் தங்கத்தை மிக மிகச் சிறிய துகளாக்கி ஏற்ற முடியுமா என்று பார்ப்பதுதான் என் வேலை. ஒரு தலைமுடியின் குறுக்கே பல்லாயிரம் துகள்களை வரிசையாக வைக்கலாம், அத்தனை சிறிது. அந்த அளவில் தங்கம் மஞ்சளாக இருக்காது. தண்ணீரில் கலந்தால் வெளிறிய காப்பித்தண்ணி மாதிரி இருக்கும். சரியான விளக்கைக் காட்டினால், நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியை அது உமிழும். காமிராவுக்குத் தெரியும்.

கட்டியைக் காட்டுவது பெரிய பாடு இல்லை. காட்டி முடித்த பிறகு அந்தத் தங்கம் எங்கே போகும் என்பதுதான் பாடு. சிறுநீரகம் ஒரு சல்லடை. துகள் போதிய அளவு சிறிதாக இருந்தால் அதில் இறங்கி, மூத்திரத்தோடு வெளியே போய்விடும். கொஞ்சம் பெரிதானாலும் ஈரல் பிடித்து வைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் விடாது. அப்படி நின்றுபோகிற எதையும் மனித உடம்பில் ஏற்றச் சம்மதிக்க மாட்டார்கள், சம்மதிக்கவும் கூடாது.

முதல் சுற்றில் எட்டு எலிகளுக்கு ஏற்றினோம். எட்டிலும் தங்கம் இரண்டு நாளில் மூத்திரத்தில் இறங்கிவிட்டது. அன்று ஆய்வகத்தில் எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன். இரண்டாம் சுற்றில் மறுபடி எட்டு. ஐந்து எலிகளில் முன்போலவே போயிற்று. மூன்றில் போகவில்லை. வெளியூர்க் கருவியில் அளக்க அனுப்பிய மாதிரிகளின் முடிவு மின்னஞ்சலில் வந்தபோது மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மூன்று ஈரல்களிலும், ஏற்றிய தங்கத்தில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

பெங்களூரில், ஆய்வைப் பரிசீலிக்கும் குழுவின் முன்னால் பேச இரண்டு வாரம்தான் இருந்தது. அந்தக் குழு சரி என்று சொன்னால்தான் அடுத்த கட்டம்.

என்னிடம் அப்போது ஒரே ஓர் ஆய்வு மாணவி. மருங்காபுரிப் பக்கம் மானாவாரி விவசாயம் பண்ணுகிற குடும்பம். அதிகம் பேச மாட்டாள். எலியின் வால் நரம்பில் ஊசி போடுவது லேசான காரியம் இல்லை. நூல் மாதிரி நரம்பு அது. அவள் எலியைக் கையில் எடுத்தால் அது பதறாது. நான் போட்டால் நான்கில் ஒன்று தவறும். அவள் போட்டுத் தவறி நான் பார்த்ததில்லை. இதை இங்கே எழுதிவிட வேண்டும். ஏனென்றால் அன்றும் எனக்கு இது தெரியும்.

அவளைக் கூப்பிட்டு, "இந்த மூணுலயும் ஊசி சரியா ஏறல போலருக்கு. நீக்கிடலாம். நோட்ல எழுதிடு," என்றேன்.

"ஊசி சரியாத்தான் போச்சு மேடம். நாந்தானே போட்டேன்."

"சில சமயம் தெரியாமத் தவறும்."

அவள் திரையில் இருந்த எண்களைப் பார்த்தாள். "தவறியிருந்தா வால்லயே வீங்கியிருக்கும் மேடம். தங்கம் வால்லயே நின்னிருக்கும். ஈரலுக்கு எப்படிப் போச்சு?"

ஊசி நரம்பில் ஏறியதால்தான் ஈரலுக்குப் போயிருக்கிறது. முதல் வருட மாணவிக்கும் புரிகிற விஷயம். நான் குரலை உயர்த்தவில்லை. "உனக்கு முன்னாடியிருந்து இந்த வேலைய நான் பண்றேன். எழுது," என்றேன்.

அவள் பேனாவைத் திறந்தாள். எழுதவில்லை. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். நோட்டை என் பக்கம் இழுத்து நானே எழுதினேன்.

பெங்களூருக்கு அவளையும் கூட்டிப் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் பேசி முடித்ததும் குழுவில் ஒரு பெரியவர், "இரண்டாம் சுற்றில் ஏன் ஐந்து எலிதான்?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே, "புது மாணவி சார். கை இன்னும் பழகவில்லை," என்றேன். அங்கே இருந்தவர்களும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. எல்லோரும் ஒரு காலத்தில் மாணவர்களாக இருந்தவர்கள், அந்த மாதிரிச் சிரிப்பு. நான் கடைசி வரிசையைப் பார்க்காமல் அடுத்த கேள்விக்குப் போனேன்.

திரும்பி வருகிற ரயிலில் அவள் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். "புளிசாதம் மேடம். சாப்பிடுறீங்களா?" என்று எப்போதும்போல நீட்டினாள். வாங்கிச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அவள் பேசாமல் இருந்ததை, களைப்பு என்று வைத்துக்கொண்டேன்.

குழு சம்மதித்தது. உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் என் படத்தோடு செய்தி வந்தது. 'பக்கவிளைவே இல்லாமல் புற்றுநோயைக் காட்டும் தங்கம்' என்று தலைப்பு. 'பக்கவிளைவே இல்லாமல்' என்று நான் சொல்லவில்லை. ஆனால் தொலைபேசியில் கூப்பிட்டு மாற்றச் சொல்லவும் இல்லை.

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்கார மாமி தனியாக இருந்தார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் புனேயில். மாமிக்கு இருபது வருடச் சர்க்கரை. செய்தி வந்த அன்று சாயங்காலம் நான் கேட்டைத் திறக்கும்போது பேப்பரும் கையுமாக நின்றார்.

"ஏம்மா, உன் படம் போட்டிருக்கா. பேஷா வந்திருக்கு. இது என்னது, இந்தத் தங்க மருந்து? சாதாரணமா ஸ்கேனுக்குப் போடறாளே, அது கிட்னியைக் கெடுத்துடும்னு சொல்றா. இது கெடுக்காதோ?"

"கெடுக்காது மாமி. வேலை முடிஞ்சதும் மூத்திரத்துல போயிடும். உடம்புல ஒண்ணும் தங்காது."

"மனுஷாளுக்கு எப்போ போடுவா?"

இந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டியது, 'பத்து வருஷம் ஆகும் மாமி, ஒருவேளை வராமலே போகலாம்' என்று. நான் சொன்னது, "இன்னும் கொஞ்ச நாள்ல வந்துடும்."

மாமியின் கையில் பேப்பருக்கு அடியில் மஞ்சள் பிளாஸ்டிக் கவர் ஒன்று இருந்தது. மன்னார்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கொடுக்கிற கவர். அதைப் பார்த்தேன். ஏன் கேட்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. படம் நன்றாக வந்திருக்கிறது என்று அவர் சொன்னதே காதில் இருந்தது. மாடி ஏறிப் போய்விட்டேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போன என் மாணவி ஒரு வாரம் கழித்தும் வரவில்லை. பிறகு ஒருநாள் அவள் அப்பா வந்தார். காந்தி மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய் ஏற்றி வந்த வண்டியில் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துக் கல்லூரிக்கு வந்திருந்தார். வெள்ளைச் சட்டையின் தோளில் சாக்கின் தூசி. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"பாப்பா படிப்ப நிறுத்திடுறேங்குதுங்க. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குது. அவங்க அம்மாதான் கேட்டு வாங்குச்சு. பெரியவங்க முன்னாடி கை சரியில்லன்னு சொல்லிட்டீங்களாம்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைத் தூக்கி, மரியாதையாகத்தான், நிறுத்தினார்.

"தப்பு பண்ணிருந்தா நல்லாத் திட்டுங்க. வேணாங்கல. ஆனா எட்டாவது படிக்கறப்பருந்து எங்க வீட்டு ஆட்டுக்கெல்லாம் அதுதாங்க ஊசி போடும். டாக்டர் வர நாளாகும் எங்க பக்கம். பக்கத்து ஊருலேருந்துகூட ஆட்டை ஓட்டிக்கிட்டு வருவாங்க, பாப்பா போட்டா கத்தாதுன்னு. அதான் எனக்கு ஒண்ணும் விளங்கல. உங்ககிட்டயே கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். தப்பு அது மேலதாங்களா?"

அறையில் வேறு யாரும் இல்லை. 'இல்லை' என்று ஒரு சொல் போதும். அந்த மனிதர் யாரிடமும் போய்ச் சொல்லப்போவதில்லை. எனக்கு எந்த நஷ்டமும் வந்திருக்காது.

"அதையெல்லாம் பெருசா எடுத்துக்காதீங்க. எல்லாரும் கத்துக்கிட்டுத்தானே இருக்காங்க. நல்ல பொண்ணு. வரச் சொல்லுங்க, நான் பேசறேன்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "சரிங்க. போயிட்டு வரேன்," என்று, கொண்டுவந்திருந்த கடலைப் பையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். பொய் சொன்னவளைப் பார்க்கவும் வெறுங்கையோடு வரக்கூடாது என்கிற வளர்ப்பு.

அந்தப் பையோடுதான் அன்று பஸ் ஏறினேன். காவிரிப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றபோது மடியில் பை கனத்தது. வீட்டுக்கு வந்தால் மாமி வாசலில் செருப்பு விடும் இடத்தில் நின்றிருந்தார். முகம் வாடியிருந்தது. இடுப்பில் ஒரு கையை ஊன்றியிருந்தார்.

"ஏம்மா, அந்தத் தங்க மருந்து வந்துடுத்தா?"

இந்தத் தடவை கேட்டேன். "எதுக்கு மாமி கேக்கறீங்க?"

உள்ளே போய் அதே மஞ்சள் கவரை எடுத்துவந்து கொடுத்தார். அல்ட்ராசவுண்ட் படம். இடது சிறுநீரகத்தில் கட்டி மாதிரி ஒன்று தெரிகிறது, டை போட்டு சி.டி. எடுத்து உடனே வரவும் என்று எழுதியிருந்தது. தேதியைப் பார்த்தேன். என் படம் பத்திரிகையில் வந்ததற்கு நான்கு நாள் முந்தைய தேதி. ஐந்து மாதம் ஆகப்போகிறது.

மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏற்கெனவே கிட்னி டெஸ்ட்ல கிரியாட்டினின் கொஞ்சம் ஜாஸ்தி. அந்த டை போட்டா இருக்கறதும் போயிடும்னு எதிராத்துல சொன்னா. அதான், உன்னோடது வந்துடட்டும்னு இருந்தேன். உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான் நடுவுல கேக்கல."

"அது இப்ப வராது மாமி. பல வருஷம் ஆகும். வராமலே கூடப் போகலாம்."

"அப்போ அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்னே?"

"பெருமைக்குச் சொன்னேன் மாமி."

அவர் தலையை ஆட்டினார், ஒரு கணக்கு விடை தெரிந்த மாதிரி. பிறகு, "மூத்திரத்துல போயிடும்னியே, அதுவாவது நிஜமா?" என்று கேட்டார்.

"அஞ்சு எலிக்குப் போச்சு. மூணு எலிக்குப் போகல. அந்த மூணையும் நான் மறைச்சுட்டேன். ஊசி போட்ட பொண்ணு மேல பழியப் போட்டுட்டேன்."

இதை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது அந்தப் படியில், எலியைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம். மாமி உள்ளே போனார். விளக்கேற்றுகிற நேரம். பெருமாள் உள்ளில் மணிச்சத்தம் கேட்டது. நான் படியிலேயே இருந்தேன். கால் மணி நேரம் கழித்து மாமி வாசலுக்கு வந்து, "நாளைக்கு லீவு போட முடியுமா? தனியாப் போகப் பயமா இருக்கு," என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் கவரைப் பிரித்துத் தேதியைப் பார்த்தார். "சர்க்கரை மாத்திரைய ரெண்டு நாள் நிறுத்திட்டு, சலைன் ஏத்திட்டு, பத்திரமா எடுத்திருக்கலாமே. இதுக்காங்க அஞ்சு மாசம் தள்ளிப்போட்டீங்க?"

"பயம் டாக்டர்," என்றார் மாமி. பக்கத்தில் நான் இருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. 'இல்லை டாக்டர், நான்தான்' என்று சொல்ல வேண்டிய இடம் அது. என் விசிட்டிங் கார்டை அவரிடம் கொடுத்து, கல்லூரியில் பேராசிரியர் என்று அறிமுகம் செய்துகொண்டு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

டை போட்டார்கள். மாமிக்கு அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை. படத்தில் கட்டி துலக்கமாகத் தெரிந்தது. இடது சிறுநீரகத்தையே எடுக்க வேண்டும் என்றார்கள். "முன்னாடியே வந்திருந்தா கட்டிய மட்டும் எடுத்துட்டு மிச்சத்தக் காப்பாத்தியிருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது, வாய்ப்பு இருந்திருக்கும்," என்றார் டாக்டர். அந்த 'வாய்ப்பு' என்கிற சொல்லை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அது எவ்வளவு பெரிய சொல் என்று அன்றுவரை தெரியாது.

அறுவை சிகிச்சைக்கு மகன் வந்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்ததும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க இல்லேன்னா அம்மா ஸ்கேனே எடுத்திருக்க மாட்டா. எப்படி தேங்க்ஸ் சொல்றதுன்னே தெரியல." திறந்திருந்த கதவு வழியாக மாமி கட்டிலிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மாமி வீட்டுக்கு வந்த வாரம் மருங்காபுரிக்குப் போனேன். தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எண்ணை அழுத்திவிட்டு இரண்டு தடவை துண்டித்தேன். வெயிலில் காய்ந்த மேட்டுக்காட்டின் ஓரம் ஓட்டு வீடு. அவள் அப்பா களத்தில் இருந்தார். அம்மா மோர் கொடுத்தார். அவர்கள் எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன். ஊசி சரியாகத்தான் போனது, அது எனக்கு அப்போதே தெரியும், என் முடிவு கெட்டுவிடக் கூடாது என்று உங்கள் மகள் மேல் போட்டேன் என்று.

அவள் அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் வந்தன்னிக்கே சொல்லியிருக்கலாம்ங்க," என்றார். அவ்வளவுதான். எழுந்து களத்துக்குப் போய்விட்டார்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்குத் தெரியும் மேடம். ஏன் பண்ணீங்கன்னுதான் தெரியாம இருந்துச்சு." பிறகு நிமிர்ந்து, "கமிட்டிக்கு எழுதுவீங்களா?" என்று கேட்டாள்.

மன்னித்துவிட்டேன் என்று சொல்வாள் என எதிர்பார்த்துத்தான் அத்தனை தூரம் போனேன் என்பது அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எனக்கே விளங்கியது. "எழுதறேன்," என்றேன். "நான் பாத்த பிறகு அனுப்புங்க மேடம்," என்றாள்.

எழுதினேன். அவள் பார்த்தாள். 'கவனக்குறைவு' என்று நான் போட்டிருந்ததை அடித்துவிட்டு 'தெரிந்தே' என்று மாற்றினாள். அப்படியே அனுப்பினேன். அச்சுக்குப் போக இருந்த கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். குழு அடுத்த கட்டத்தை நிறுத்தியது. கல்லூரி விசாரித்தது. இரண்டு வருடம் புது மாணவர்களை எடுக்கக் கூடாது என்று முடிவானது. அதிகம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. என்னோடு வேலை பார்ப்பவர்கள் சிலர், "நீயாப் போய் ஏன் சொன்னே, எல்லாரும் பண்றதுதானே," என்று கேட்டார்கள். அவர்கள் முகத்தையும் அதற்குப் பிறகு சரியாகப் பார்க்க முடியவில்லை.

அவள் வேறொரு வழிகாட்டியிடம் சேர்ந்தாள். சேர்ந்த மூன்றாம் மாதமே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். இரண்டாம் சுற்றில் ஐந்து எலிக்கு ஏற்றியது புதிதாகச் செய்த புட்டியிலிருந்து; மூன்றுக்கு, குளிர்பெட்டியில் மூன்று வாரம் இருந்த பழைய புட்டியிலிருந்து. நாளாக ஆகத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகிவிட்டன. சல்லடையில் இறங்காமல் ஈரலில் போய் மாட்டிக்கொண்டன. எந்த எலிக்கு எந்தப் புட்டி என்று அதே பதிவேட்டில் அவள் ஊசி போட்ட அன்றே எழுதி வைத்திருந்தாள். நான் எழுதிய நான்கு சொற்களுக்கு இரண்டு வரி மேலே. அன்று மத்தியானம் அந்த வரியைப் படித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். துகள்கள் ஒட்டாமல் இருக்க மேல்பூச்சை எப்படி மாற்றுவது என்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வாக ஆயிற்று. அந்த மூன்று எலிகளும்தான் எங்களுக்குக் கிடைத்தவற்றிலேயே உருப்படியான விஷயம். அதைத்தான் நான் குப்பையில் போட்டேன். வழியில் பார்த்தால், "நல்லாருக்கீங்களா மேடம்?" என்று நின்று கேட்பாள். பதில் சொல்லி முடிப்பதற்குள் நகர்ந்துவிடுவாள்.

மாமி ஒரு சிறுநீரகத்தோடு இருக்கிறார். உப்பு, பருப்பு எல்லாம் அளவு பார்த்துத்தான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்கு நான்தான் கூட்டிப் போகிறேன். ஆட்டோவில் காய்கறி விலை, கோவில் கூட்டம், மருமகள் என்று எல்லாம் பேசுவார். என் வேலையைப் பற்றி மட்டும் அதன் பிறகு ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இப்போது முதுகலை மாணவர்களுக்கு ஆய்வு முறைகள் என்று ஒரு பாடம் எடுக்கிறேன். ஒத்துவராத முடிவை எப்போது நீக்கலாம், எப்போது நீக்கக் கூடாது என்று ஒரு வகுப்பு உண்டு. முதல் வருடம் இந்தக் கதையைச் சொன்னேன். எலி, ஈரல், ஊசி எல்லாவற்றையும் சொன்னேன். 'ஒரு ஊரில் ஒரு பேராசிரியர்' என்று ஆரம்பித்தேன். வகுப்பு ஆடாமல் கேட்டது. முடித்ததும் ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் கேட்டாள்:

"அந்த ஆளு இப்ப என்ன பண்றாரு மேடம்?"

"இன்னும் வேலையிலதான் இருக்காங்க," என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையை அழிக்கத் திரும்பினேன்.

இரண்டாம் வருடமும் அப்படித்தான் சொன்னேன். இந்த ஜூனில்தான் 'நான்' என்று ஆரம்பித்துச் சொல்ல முடிந்தது. பாதியில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். முடிந்த பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை. வருகைப் பதிவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.